முதல் காட்சியில் பிடிபட்டவன்

திருச்சியிலிருந்து பட்டுக்கோட்டை போகும் பஸ்ஸில் அன்று ஒரு தண்டப் படம் போட்டார்கள். பார்ட்டியில் விழுங்கும் போதை மாத்திரையைப் பற்றிய த்ரில்லராம். முதல் காட்சியில், ஏர்போர்ட்டில் மாத்திரையோடு ஒருவன் மாட்டுகிறான். ஹீரோ அவனுக்கு விட்ட அறையில் பஸ்ஸே சிரித்தது. அதற்கப்புறம் வெறும் ஆட்டமும் துப்பாக்கியும்தான். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

என் பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெள்ளைக் கைலி, நரைத்த தாடி, மடியில் இறுக்கிப் பிடித்த ரெக்சின் பை. அதிராம்பட்டினத்துக்காரர்.

தஞ்சாவூரில் டீ குடிக்க எழுந்தேன். "பாய், என் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

"வேணாம் தம்பி, கையோட எடுத்துட்டுப் போயிடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்ததும் கேட்டேவிட்டேன். "ஒரு பையைப் பாத்துக்கிட்டா என்னங்க குறைஞ்சிடும்?"

அவர் கோபப்படவில்லை. "வளைகுடாவுக்குப் பொறப்பட்டப்ப, தெரிஞ்சவர் ஒருத்தர் அங்க இருக்குற தம்பிக்குன்னு ஊறுகாய் டப்பா கொடுத்துவிட்டார். அடியில இந்தப் படத்துல வர்ற மாதிரி மாத்திரை. ஒம்பது வருஷம் உள்ள இருந்தேன்."

என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஹீரோ வில்லனைச் சுட்டுத் தள்ளினான், படம் முடிந்தது. பட்டுக்கோட்டையில் இறங்க எழுந்தவர், அணைந்த டிவியைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஏன் தம்பி, மொதல்ல ஏர்போர்ட்டுல ஒருத்தனை அடிச்சாங்கள்ல, அவனை அப்புறம் காட்டவே இல்லையே?"

அந்த அறைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.