குசினி யன்னல்

இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, என்னைக் குளிப்பாட்டுவதற்கு நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ரோவில் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்குச் செவ்வாய்தோறும் ஒரு பெண் வருகிறாள். சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் பிறந்தவள். அங்கே நான் ஒன்பது வருடம் சரித்திரம் படிப்பித்தேன் என்று தெரிந்ததும், "அங்கிள், நீங்கள் எங்கள் ஊர் ஆள்!" என்று சவர்க்காரக் கையாலேயே என் தோளில் தட்டினாள்.

அதன்பிறகு குளியலறையில் என் வாய் ஓயவில்லை. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் அங்கே இறைச்சிக் கடைக்குள் கறுப்பினத்தவர் நுழைய முடியாது. பக்கச் சுவரில் ஒரு சிறு யன்னல் இருக்கும். வெளியே வரிசையில் நின்று, அதனூடாக நீட்டுவதை வாங்கிக்கொண்டு போகவேண்டும். நான் போனபோது நாடு விடுதலை பெற்றிருந்தது. அப்படியொரு யன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்த சுவரை என் மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவேன். இதையெல்லாம் அவளுக்குக் கோபத்தோடு சொன்னேன். தன் தேவாலயத்தில் ஊர்க்காரர் கூடும் நாளில் வந்து பேசவேண்டும் என்று கேட்டாள். சம்மதித்தேன்.

போன மாதம் ஒருநாள், "லுசாக்காவில் உங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தாரா, அங்கிள்?" என்றாள்.

"ஒருவர் இருந்தார். உடுப்புத் தோய்த்து, தோட்டம் பார்த்தார். என்னைவிட மூத்தவர்."

"என் அப்பாவும் அப்படி ஒரு வீட்டில்தான். உங்கள் ஆள் எங்கே சாப்பிட்டார்?"

"எங்களோடுதான்."

அவள் போனதும் மனைவி வந்து நின்றாள்.

"எங்களோடை சாப்பிட்டவரோ? எந்தக் கதிரையிலை?"

"சும்மா இரும்."

"சாப்பாட்டைக் குசினி யன்னலாலைதானே குடுத்தனாங்கள். அந்தாள் தேத்தண்ணி குடிக்கிற பேணியை வெளியிலை ஆணியிலை கொழுவினது ஆர்? நானோ?"

நான்தான். வெள்ளைக்காரரைப் பார்த்துப் பழகியதல்ல அது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு என் அப்பா செய்ததை, விமானம் ஏறிப் போய் அந்த மனிதருக்குச் செய்தேன். காலையில் குசினி யன்னலால் அவருடைய பேணியில் தேநீர் ஊற்றிவிட்டு, அடைத்த யன்னலைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். இரண்டும் ஒன்றென்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய் அவள் என் முதுகைத் தேய்க்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொன்னேன். அதுவும் கோழைத்தனம்.

அவள் கை நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என் அப்பாவின் பேணி நீல நிறம்," என்றாள். பிறகு, "கையைத் தூக்குங்கள்."

வழக்கம்போல என் கால்விரல் இடுக்குகளைக்கூட ஈரம் போகத் துடைத்துவிட்டாள். மனைவி மேசையில் வைத்த தேநீரை மட்டும் அவள் தொடாமல் போனாள்.

இன்னமும் வருகிறாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. தேவாலயத்துக் கூட்டத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது என்னை அங்கிள் என்பதில்லை, மரியாதையாக 'சேர்' என்கிறாள். குசினி யன்னலுக்கு வெளியே பேணியோடு நின்ற அந்த மனிதரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.