மேட்ச் நாளில் டீ விற்காது

டீக்கடையில் டிவி மாட்டி வைத்திருக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: மேட்ச் நாளில் கூட்டம் நெரியும், டீ மட்டும் விற்காது. ஆரணியில் நான் கடை போட்ட புதிதில், ஒரே டீயை வைத்துக்கொண்டு இருபது ஓவரும் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அவர்களுக்காகத்தான் ஏங்குகிறேன்.

வாசலில் நின்றவர்

முனுசாமி அண்ணன் பவர்லூம் ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை. அவர் ஒருவர் கத்தினாலே கடை அதிரும். ஒருநாள் நம் ஆட்கள் தடவிக்கொண்டிருந்தபோது பீடி பிடிக்க வெளியே போனார். உடனே ஒரு சிக்ஸர். உள்ளே வந்தார், விக்கெட் போனது. கூட்டமே சேர்ந்து அவரை வெளியே தள்ளிவிட்டது. கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். தெருவிலிருந்து குரல் வந்தது: "நான் இங்கயே நின்னுகினு இருக்கேன். ஜெயிச்சா மட்டும் கூப்பிடுங்கடா!"

முந்திக்கொண்ட சத்தம்

அப்புறம் ஆளாளுக்குப் போனில் மேட்ச் வந்தது. கூட்டம் கரைந்து நாலைந்து பேர் ஆனோம். கடைக்கு எதிர்வீட்டு சேகர் செய்யாறு கம்பெனியில் வேலை செய்கிறான். முன்பெல்லாம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கடைக்குத்தான் வருவான். இப்போது வீட்டில் போனோடு உட்கார்ந்துவிடுகிறான். போனில் படம் கொஞ்சம் தாமதமாக வரும், என் டிவியில் முந்தி வந்துவிடும். ஒருநாள் பாதி மேட்ச்சில் எழுந்து வந்தான். பழையபடி வந்துவிட்டான் என்று சந்தோஷமாக நாற்காலியைத் துடைத்தேன். அவன் உட்காரவே இல்லை. "பேஜாரா கீதுண்ணா. என் போனுல பந்து போடறதுக்குள்ள நீங்க அவுட்டுன்னு கத்திடறீங்க. கொஞ்சம் மெதுவா கத்துங்க."

கேக் அலமாரி

டிவியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேக் அலமாரி வைக்கலாம் என்றாள் என் மனைவி. ஃபைனல் வரைக்கும் பொறு, பழைய கூட்டம் வரும் என்று தவணை கேட்டேன். ஃபைனல் அன்று பெஞ்சை எல்லாம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. முனுசாமி அண்ணன்கூட மகன் வாங்கித் தந்த போனில் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். கடைசி ஓவரில் சிக்ஸர் அடித்து ஜெயித்தபோது, தனியாகக் கத்த எனக்கு வாய் வரவில்லை.

சற்று நேரத்தில் சேகர் கையில் போனோடு வந்து நின்றான். முகத்தில் ஜெயித்த களையே இல்லை. "இன்னாடா ஆச்சு?" என்றேன். "வீட்டுல எல்லாரும் அவங்கவங்க போனுல கீறாங்கண்ணா. சிக்ஸர் போனதும் திரும்பிப் பாத்தேன், பாக்க ஆளு இல்ல."

கேக் நன்றாகத்தான் விற்கிறது. கூடச் சேர்ந்து கத்த நாலு பேர்தான் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.