கெங்கம்மாள் வீட்டுக் கம்பெனி

அந்த மாதம் முழுக்கக் கெங்கம்மாள் காலை டீயை நாய்க்கு முதுகைக் காட்டியபடிதான் குடித்தார். வாசல் கல்லில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, பன்னைப் பிய்த்துத் தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசுவார். கொய்யா மரத்தடியில் ஒடுங்கிக் கிடக்கும் நாய், அவர் தலை திரும்பாதவரை தின்னும். திரும்பினால் போச்சு, சுவரோரம் ஓடிவிடும்.

பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் நான் ஒருநாள் காரணம் கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தா அதுக்கு பயம் சார். முதுகு இன்னா பண்ணப்போவுது?" என்றார், திரும்பாமலே.

கெங்கம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். குள்ளம், தோள் மட்டும் அகலம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. ரகசியம் சொன்னாலும் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். எதற்கும் 'பார்க்கலாம்' என்று சொல்ல மாட்டார். "ஆவும்" என்பார், இல்லையென்றால் "ஆவாது" என்பார்.

அந்தக் கம்பெனியைத் திடீரென்று இழுத்து மூடினார்கள். அவருக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. வாட்ச்மேன் ஊருக்குப் போய்விட்டார். கேட்டருகே கட்டியிருந்த காவல் நாயை மட்டும் யாரும் நினைக்கவில்லை. புது வேலைக்குப் போகிற வழியில் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தால், எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. சங்கிலி உரசி உரசிக் கழுத்தெல்லாம் புண். பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் நாகப்பனைச் சுவரேறிக் குதிக்க வைத்து, நாயை வெளியே கொண்டுவந்தார். கோணியில் சுற்றிப் பஸ் ஏறப் போனபோது கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு வரைக்கும் குழந்தையைப் போல இடுப்பில் சுமந்தே வந்து சேர்ந்தார், சங்கிலியையும் சேர்த்து.

தெருவில் எல்லோரும் அதைக் 'கம்பெனி நாய்' என்றார்கள். சீக்கிரமே அதன் பெயர் 'கம்பெனி' என்று நின்றுவிட்டது.

கணவர் பரந்தாமன் ஆவடியில் ஒரு லாரிப் பட்டறையில் டிங்கர். அதிகம் பேசாதவர். "இது இன்னாத்துக்கு மே?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. பிளஸ் டூ படிக்கும் மகள் சுசீலாவோ, நாயைக் கண்டாலே கட்டிலில் ஏறி நின்றுகொள்வாள்.

நாய் படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. கெங்கம்மாளும் கூப்பிடவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பாதித் தெரு அவர் வீட்டுக்குள் இருந்தது. எல்லார் கண்ணும் டிவியில். அப்போதுதான் கம்பெனி மெதுவாக உள்ளே வந்து கட்டிலடியில் படுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கெங்கம்மாள் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். "படத்தப் பாருங்க சார்!" அவர் கிசுகிசுத்து நான் கேட்டது அன்றுதான்.

எல்லாம் கூடிவருகிறது என்று நினைத்திருந்தபோது கம்பெனி பரந்தாமனைக் கடித்துவிட்டது.

மூலையில் கிடந்த சங்கிலியை ஆணியில் மாட்டலாம் என்று அவர் எடுத்திருக்கிறார். பாய்ந்து வந்து மணிக்கட்டைக் கவ்விவிட்டது. ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட ஆரம்பித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவர் வாசலிலேயே நின்றார்.

"அது இந்த ஊட்ல இருக்கணுமா, நான் இருக்கணுமா? நீயே சொல்லு மே."

"ரெண்டு பேரும் இங்கதான் இருப்பீங்க. யாரும் எங்கயும் போவல. உள்ள வாய்யா, கஞ்சி ஆறுது."

மறுநாள் கெங்கம்மாள் அந்தச் சங்கிலியைத் தானே கையில் எடுத்துப் பார்த்தார். அது கிலுங்கியதும் கம்பெனி சுவரோடு ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்டியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. அதற்கு மேல் அவர் எதையும் யோசிக்கவில்லை. தெருவில் கத்திக்கொண்டு போன பழைய இரும்புக்காரரை நிறுத்திச் சங்கிலியைப் போட்டுவிட்டு, பேரீச்சம்பழம் வாங்கினார். பொட்டலத்தைக் கணவர் முன்னால் வைத்தார்.

"இந்தா. உன்னக் கடிச்சது நாய் இல்லய்யா, அந்தச் சங்கிலிதான். வித்துட்டேன். துன்னு."

பரந்தாமன் சிரிக்கவில்லை. ஆனால் பழம் முழுவதையும் தின்று தீர்த்தார்.

அதன் பிறகு அவர் நாய்ப் பக்கம் போகவில்லை; நாயும் அவர் பக்கம் வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். சுசீலா மட்டும் கட்டிலிலிருந்து இறங்கி, நாயின் முதுகில் பாதத்தை வைத்துக்கொண்டு படிக்கிற அளவுக்கு வந்திருந்தாள்.

நாய் கடித்த சேதி வீட்டுக்காரர் அய்யாசாமியின் காதுக்குப் போயிற்று. ஒரு ஞாயிறு மதியம் வந்து நின்றார். பேப்பர் வாங்கிப் போக வந்திருந்த நானும் அங்கே இருந்தேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பரந்தாமனைப் பார்த்துத்தான் பேச்சு.

"கடிக்கிற நாயி. கட்டிப் போடு, இல்லாட்டி ஊட்ட காலி பண்ணு."

கெங்கம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பரந்தாமன் தழும்பு விழுந்த கையைத் தூக்கிக் காட்டினார்.

"கடிச்சது என்னத்தானண்ணே? நானே சும்மா கீறேன். உங்களுக்கு இன்னா?"

"நாளைக்கு இன்னொருத்தனக் கடிச்சா?"

"அதுக்குத் தப்பு பண்ணாதான் கடிக்கும். கட்றதுக்கு எங்க ஊட்ல சங்கிலி இல்லண்ணே. வாங்கப் போறதும் இல்ல."

அய்யாசாமி கட்டிலடியில் தூங்கிக்கொண்டிருந்த நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னமோ பண்ணுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பரந்தாமன் குனிந்து சோற்றைப் பிசைந்தார். கெங்கம்மாள் தன் தட்டிலிருந்த சங்கரா மீனின் நடுத்துண்டை எடுத்து, அவர் தட்டில் வைத்தார்.