வரமாட்டேன் என்ற போல்ட்

என் காரின் ரேடியேட்டரை இன்று திறந்ததும் வந்த துருத்தண்ணீர் வாசனை, நான்குவழிச் சாலைக்கு அடியில் போய்விட்ட அதியமான்கோட்டை மெக்கானிக் ஷெட்டுக்கு என்னை இழுத்துப்போனது.

சேலம் விடுதியில் என்னைச் சேர்க்கப் போகும் வழியில் அப்பாவின் அம்பாசடர் கொதித்து நின்றது. எங்கள் கிணற்றின் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றித் துருவேறியிருந்த வாட்டர் பம்ப் போல்ட், கழற்றும்போது தலை முறிந்து உள்ளேயே நின்றுகொண்டது. மெக்கானிக் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லத் தட்டித் தட்டிப் பார்க்க, அந்த டிக் டிக்கும் லாரி இரைச்சலும் புளியமர நிழலும் கலந்த அரைத் தூக்கத்தில், பின்சீட்டில் டிரங்குப் பெட்டிமேல் கால் வைத்துக் கிடந்த நான், வந்துவிடாதே என்று அந்தப் போல்ட்டிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“அவசரம் ஒண்ணும் இல்லீங்க, மெதுவாவே எடுங்க,” என்றார், எதற்கும் அவசரப்படும் அப்பா.

“வந்துருச்சுங்க!” என்று மெக்கானிக் கத்தினார். சிரித்தது அவர் மட்டும்தான்.