ஜரீனாவின் சூட்டுப் பெட்டி

ஜரீனா பொய் சொல்வாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னிடம் வந்து கேட்கக் கூடாது. ஊசியைப் பார்த்துப் பதறுகிறவரிடம், "இது ஜப்பான் ஊசிண்ணே, வலிக்காது" என்பாள். எல்லா ஊசியும் ஒரே டப்பாவிலிருந்து வருவதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறாள். கண்டக்டரிடம் என்ன கதை விட்டு சன்னலோர சீட்டைப் பிடிக்கிறாளோ, அது எனக்குத் தெரியாது.

நான் வரவேற்பு மேசையில் இருப்பவள். அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவள் விளையாடாத ஒரே இடம், தியேட்டர் மூலையில் இருக்கும் சூட்டுப் பெட்டி. பார்க்கச் சின்ன பிரிட்ஜ் மாதிரி இருக்கும், வேலை நேர்மாறு. சலைன் பாட்டில்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும். ஏசியில் கிடந்த பாட்டிலை அப்படியே ஏற்றினால் நோயாளியின் உடம்பு குளிர்ந்து வெடவெடவென்று நடுங்கும், ரத்தம் சீக்கிரம் உறையாது, இதயம் திணறும். ஒருமுறை மயக்க மருந்து டாக்டர், ஆறாமல் இருக்கட்டும் என்று தம் மதியச் சாப்பாட்டை அதற்குள் வைத்துவிட்டார். ஜரீனா அதை எடுத்து எங்களுக்கெல்லாம் பங்கு வைத்தாள். கோழிக் குழம்பு நன்றாகவே இருந்தது. டாக்டர் இப்போதெல்லாம் ஆறிய சோறுதான் சாப்பிடுகிறார்.

போன சித்திரையில் சோழபுரத்திலிருந்து சூசை என்ற பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எலும்பும் தோலுமான ஆள். இந்த உடம்பு குளிர் தாங்காது என்று டாக்டரே கவலைப்பட்டார். தியேட்டருக்கு முன்னறையில் அவர் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றிக்கொள்ள மனைவி பரிபூரணத்தைக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே படத்தைக் கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன். அந்த அம்மாள் செபமாலையைக் கழற்றிய கையோடு, ஸ்டாண்டில் தொங்கிய பாட்டிலைத் தொட்டார். அவ்வளவுதான்.

"ஏம்மா, இது சுடுதே. சுடுதண்ணியவா நரம்புல ஏத்தப் போறிய? அவியளுக்குச் சூட்டு ஒடம்பு. ஒரு மாம்பழம் தின்னாலே நீர்க்கடுப்பு வந்துரும். குளுக்கோஸ் ஏத்துறதே சூடு தணியத்தானே?"

டாக்டர் விளக்கினார். அது காதில் ஏறவில்லை. குளிர்ந்த பாட்டில் ஏற்றுங்கள், இல்லையென்றால் எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோகிறேன் என்று ஒரே பிடியாக நின்றார். வெறும் கட்டோடு வீட்டில் கிடத்தினால் சூசை இனி எழுந்து நடக்கப் போவதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே வண்டியைக் கூப்பிட்டுக் கொடுத்திருப்பேன்.

ஜரீனா மட்டும் பயபக்தியோடு தலையாட்டினாள். "ஆச்சி சொல்றதும் வாஸ்தவந்தான். இந்தாங்க, இந்த ரெண்டு பாட்டிலையும் நீங்களே மடியில வச்சு ஆற வைங்க. ஆறுனதும் சொல்லுங்க" என்று உள்ளே சூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்து, இரும்பு ஸ்டூலில் உட்கார வைத்தாள். போகிற போக்கில் ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். நான் பார்த்ததைப் பார்த்து, கண்ணைக் காட்டி என் வாயை அடைத்தாள்.

செருப்பை வாசலிலேயே விட்டிருந்த பரிபூரணம் முதலில் கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்தினார். மடியில் இருந்த பாட்டில்கள் வயிற்றுக்கு ஏறி, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. கம்பளிக்குள் சொகுசாகக் கிடந்த சூசை, இடுப்பு வலியிலும் இதை ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஆறுச்சா?"

"பேசாம படுங்க" என்றார் பரிபூரணம். பல் தந்தியடித்தது.

ஜரீனா வந்து கை நீட்டினாள். "குடுங்க ஆச்சி."

"செத்த நேரம் இருக்கட்டும் தாயி."

ஜரீனா சிரிக்கவில்லை. அலமாரியில் குளிர்ந்து கிடந்த வேறொரு பாட்டிலை எடுத்து அவர் முழங்கையில் வைத்தாள். அம்மாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்க கேட்டது இதத்தான். தோல்ல பட்டதுக்கே கைய இழுக்கிய. உள்ள இதவிடக் குளிரு. அவிய துணிமணி இல்லாம படுத்துக் கெடக்கணும், இது ரத்தத்துல எறங்கணும்."

பரிபூரணம் புருஷனைப் பார்த்தார். "ஒடம்புச் சூட்டுக்கு மேல போவாதுல்ல?"

"போவாது ஆச்சி. மீட்டர் பாத்துத்தான் எடுக்கேன்." இது பொய்யில்லை, எனக்குத் தெரியும்.

"அப்பச் சரி. வேற சூடா எடு. இது ஆறிப்போச்சு."

ஆபரேஷன் முடியும்வரை அந்த அம்மாள் என்னை விட்டாரா? மேசைக்கு வந்து வந்து, "உள்ள போனைப் போட்டுக் கேளு, சூடாத்தான் போவுதா?" என்று உயிரை எடுத்தார்.

சூசையை வெளியே கொண்டுவந்தார்கள். நடுக்கம் இல்லை. பரிபூரணம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கால்மாட்டுக்குப் போய் போர்வைக்குள் கையை விட்டார். அப்படியே குனிந்து இரண்டு பாதத்திலும் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

முதுகு ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்த சூசைக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஏட்டி, அங்க என்ன செய்யுத?"

"சூடு பாக்கேன்" என்றார் பரிபூரணம், தலையைத் தூக்காமல்.