கஸ்தூரி நிற்க வேண்டிய படம்

மாறனும் அவன் அம்மா கஸ்தூரியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கேமராவின் பின்கதவைச் சரிசெய்தது. வெளிச்சம் புகாமலிருக்கக் கதவோரத்தில் ஒட்டியிருந்த நுரைப் பட்டை, நாற்பது வருடத்தில் தார்போல இளகிவிட்டிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மாறன் அதைத் துடைத்தெடுத்தான். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவன் தொழில், குடியிருப்பது அம்மாவை விட்டுத் தனியே, ஊரை ஒட்டிய வேங்கிக்காலில்.

"ஆபீஸ்ல நல்ல ஃபோம் ஷீட் இருக்குதும்மா. நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்."

"உன் நாளைக்கு எனக்குத் தெரியும்டா." கஸ்தூரி தன் பழைய ஜாக்கெட்டின் கறுப்பு வெல்வெட்டை நாடாபோல வெட்டி நீட்டினாள்.

அதையே ஒட்டினார்கள். புது ஃபிலிம் போட்டதும், சோதித்துப் பார்க்கிறேன் என்று முதல் படத்தை மாறன் அவளையே எடுத்தான். தலை கலைந்திருந்தது. கையில் கத்தரிக்கோல்.

"ஃபிலிம் விக்கிற வெலைக்கு என் மூஞ்சிதான் கொறச்சல்" என்று கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள்.

மாறன் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் ஒரு ஜெர்மன்காரம்மா வீட்டில் சமையல் செய்தாள். அந்த அம்மாள் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கேமரா அது. முன்னால் பொறித்திருந்தது கேமரா கம்பெனியின் பெயர் அல்ல. அதை விற்ற கடையின் பெயர். செய்தது ஜப்பானில் வேறு யாரோ.

அதை வைத்துக்கொண்டு கஸ்தூரி மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று பெண்கள் கூடும் விசேஷங்களுக்குப் போனாள். ஆண் போட்டோகிராபர் முன்னால் விறைத்து நிற்பவர்கள் இவளிடம் சிரித்தார்கள். கீழ்பென்னாத்தூரில் ஒருமுறை பெண்ணின் தாய்மாமன் கேமராவை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கேள்விப்படாத பேரா இருக்குதே, இதுல படம் விழுமா?"

"தேரடித் தெரு மளிகைக் கடையில கடைக்காரன் பேரு போட்ட எண்ணெய்தானே வாங்கறீங்க? அவன் செக்கா வெச்சிருக்கான்? ஆட்டறவன் வேற, பேரு ஒட்டறவன் வேற. வடை நல்லாத்தானே வருது?"

அவர் சிரித்துவிட்டு, தனக்கும் ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

பிறகு காசுக்கு எடுக்கும் படங்களுக்கு டிஜிட்டல் கேமரா வாங்கினாள். இந்த ஃபிலிம் கேமராவைத் தனக்குப் பிடித்தவர்களுக்கென்று வைத்துக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனாள். மாரடைப்பு. 

காரியத்துக்கு வைக்க, கஸ்தூரி எடுத்த படங்களையெல்லாம் புரட்டித் தேடினாள் சித்தி தமிழ்செல்வி. "ஊர்ல இருக்கற பொம்பளைங்க எல்லாம் இருக்காங்க, எங்கக்காவைத் தவிர." ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு மாலை போட்டா அவளே எழுந்து வந்து கழட்டிடுவா."

"கேமராவுல ஒரு படம் இருக்குது சித்தி."

"அப்போ இன்னிக்கே சென்னைக்கு அனுப்புடா. கழுவி வரணுமே."

"ரெண்டு படம் மிச்சம் இருக்குது. மத்ததெல்லாம் அம்மா எடுத்துட்டாங்க, அந்த ரெண்டும் சந்திரம்மாளுக்கு."

சந்திரம்மாள் கோயிலின் பேய்க்கோபுரத்துக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்பவள். தனியாகப் படம் எடுத்துக்கொண்டால் சீக்கிரம் அதற்கு மாலை விழும் என்று பல வருடமாக ஒதுங்கியவள். "நான் கட்டற மாலை என் படத்துக்கேவா?" என்பாள். கடைசியில், கஸ்தூரியும் பக்கத்தில் நின்றால் சரி என்றாள். வியாழக்கிழமை வந்து பட்டனை அமுக்கும்படி அம்மா மாறனுக்குப் போன் செய்திருந்தாள்.

"பூக்காரிக்காக அக்கா படம் நிக்கணுமா?"

"வெளிச்சம் புகுந்திருந்தா அம்மா படமே இருக்காது சித்தி. அவங்க சொன்ன வேலையாவது நடக்கட்டும்."

கேமராவை எடுத்துக்கொண்டு நேரே போனான். அதைப் பார்த்ததும் சந்திரம்மாளின் விரல்கள் நாரில் நின்றன.

"இன்னாத்துக்குத் தம்பி எடுத்தாந்த? அவளும் நிக்கறேன்னு சொல்லியிருந்தாளே."

"ஆமா பெரிம்மா. நீங்க மட்டுமாவது..."

"ஒத்தையா நிக்கமாட்டேன்." பூவைக் கூடையில் வைத்தாள். "அவ படம் ஒண்ணுகூடவா இல்ல?"

மாறன் கேமராவைக் காட்டினான். வெல்வெட்டைப் பற்றிச் சொன்னான். வருமோ வராதோ என்றும் சொன்னான்.

"அவ வெட்டிக் குடுத்த துணிதானே, வரும். மொதல்ல அதக் கழுவி எடுத்தாந்து குடு. காரியத்துக்கு மாலை நான் கட்டறேன். அப்பறமா அந்தப் படத்தைக் கையில புடிச்சிக்கினு நிக்கறேன். ரெண்டு பேரையும் சேர்த்து எடு."

அவள் பலகையின் ஓரத்திலேயே மாறன் உட்கார்ந்தான். கேமராவின் அடியிலிருந்த பொத்தானை அமுக்கி, கழுவ அனுப்புவதற்காக ஃபிலிமை அதன் டப்பாவுக்குள் திருப்பிச் சுற்றினான். படம் விழாத அந்த இரண்டு கட்டங்களும் சேர்ந்தே உள்ளே போயின.