ஐந்து கேட்டால் ஆறு

மணல் தாளின் பின்பக்கம் எண்ணை எழுதி வெட்டினால், சொரசொரப்பான பக்கத்தைத் திருப்பும்போது எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறி இருக்கும். பாலர் பள்ளி ஆசிரியராக என்னைப் பழக்கியவர்கள் இதை மட்டும் சொல்லித்தர மறந்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஒன்பதுவரை வெட்டி, மறுநாள் பெருமையோடு வகுப்புக்குக் கொண்டுபோனேன். உதவியாளர் அக்கா மூன்றைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"சார், இது புள்ளைங்க ரிவர்ஸ்ல வந்தா படிக்கிறதுக்கா?"

இரண்டாம் முறை அக்காவே வெட்டினார். அட்டையில் ஒட்டுகிற வேலை மட்டும் எனக்குக் கிடைத்தது. அதிலும் ஏழு கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

கோலசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னத் தமிழ்ப்பள்ளி எங்களுடையது. பிள்ளைகள் அட்டையில் உள்ள எண்ணை விரலால் தடவுவார்கள். பிறகு கூடையிலிருந்து அத்தனை கெராங் சிப்பி ஓடுகளை எடுத்துப் பக்கத்தில் வரிசையாக வைப்பார்கள். கெராங் தின்றவர்கள் வீசிய ஓட்டைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்தது நான். எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை. கணக்குப் பாடத்துக்கென்று ஒரு மணம் உள்ள வகுப்பு மலேசியாவிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. வாயே திறக்க மாட்டாள். பெயரைக் கேட்டால் சட்டைப் பொத்தானைப் பார்ப்பாள். சரி, வாய் பேசாவிட்டால் கை பேசட்டும் என்று ஓடுகளைக் கொடுத்தேன். மூன்று என்ற அட்டைக்குப் பக்கத்தில் நான்கு வைத்தாள். ஐந்துக்கு ஆறு. ஒன்றுக்கு இரண்டு.

"ஒன்னு கூடவே வைக்குது சார்," என்றார் அக்கா.

"எண்ணும்போது நிறுத்தத் தெரியலக்கா. எண்ணுக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பு இன்னும் பிடிபடல," என்று பாடப்புத்தகம் மாதிரிப் பேசினேன். அக்கா கூடையை எடுத்து வைத்தார்.

வருடக் கடைசி நெருங்கியது. அடுத்து முதலாம் ஆண்டு. மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்குக் குறைநீக்கல் வகுப்பு என்று ஒன்று உண்டு. அவளை அதில் சேர்க்கச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"சார், உள்ளதச் சொல்லுங்க. எம்புள்ள மக்கா? எங்க நாத்தனார் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. பெரிய பள்ளிக்கூடத்துல விட்டா எல்லாரும் சிரிப்பாங்களோன்னு எனக்குத் தூக்கமே வர்ல சார்."

"பார்ப்போம்மா," என்றேன். 'பார்ப்போம்' என்பது வாத்தியார்களுக்கு விடை தெரியாதபோது வரும் சொல். அந்த அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முகம் வாடித்தான் போனார்.

அவர் தஞ்சோங் காராங் போகும் சாலையில், தோட்டத்துக்குப் பிரியும் சிம்பாங் முச்சந்தியில் சாயங்காலம் வடை போட்டு விற்பவர். வெள்ளிக்கிழமை தவறாமல் என் மோட்டார் அங்கே தானாக நின்றுவிடும். ஐந்து வடை வாங்குவேன். பொட்டலத்தில் ஆறு இருக்கும். ஒன்றை அங்கேயே நின்று முடித்துவிட்டு, வீட்டுக்கு ஐந்தைக் கொண்டுபோய் யோக்கியன் மாதிரி மேசையில் வைப்பேன். அந்த வாரம் போகக் கூச்சமாகத்தான் இருந்தது. வடை ஜெயித்தது.

அம்மாவின் கையெல்லாம் மாவு. "ஏய், சாருக்கு அஞ்சு கட்டுடி," என்று மகளிடம் சொன்னார்.

அவள் தாளை விரித்தாள். ஐந்து வடைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். நிறுத்தினாள். தட்டைப் பார்த்து, நன்றாகச் சிவந்த ஒன்றைத் தேடி எடுத்து மேலே வைத்து, அதை லேசாக ஒரு தட்டுத் தட்டி மடித்தாள்.

அந்த நிறுத்தத்தை நான் பார்த்திருக்கிறேன். கடைசி ஓட்டை வைக்கும் முன்னால் வகுப்பிலும் இதே மாதிரிதான் நிறுத்துவாள். அங்கேயும் ஒரு தட்டு.

"எத்தன வடைம்மா இது?" என்று கேட்டேன்.

"அஞ்சுதான் சார்," என்றார் அம்மா.

"ஆறு இருக்கே?"

"அது கொசுறு சார். கணக்குல வராது. இத்தன மாசமா தின்னுட்டு இன்னைக்குக் கேக்குறீங்க!"

நான் மகள் பக்கம் குனிந்தேன். "அப்ப பள்ளிக்கூடத்துல ஓடு ஒன்னு கூட வைக்கிறியே, அதும் கொசுறா?"

பொத்தானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரியா அஞ்சு குடுத்தா கஞ்சம் லா, சார்."

நான் கேட்ட அவளுடைய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"ஏண்டி, பள்ளிக்கூடத்துல ஒங்கிட்ட யாருடி கொசுறு கேட்டா?" என்று கரண்டியோடு திரும்பிய அம்மா, பாதியில் நின்றுவிட்டார். எண்ணெயில் வடை கருகியது. "அப்ப... இவ மக்கு இல்லையே சார்?"

"மக்கு ஒங்க கடைக்கு முன்னால நிக்குதும்மா. அதுக்கு இன்னும் ரெண்டு வடை கட்டுங்க."

அவர் சிரித்த சிரிப்பில், வடை வாங்க நின்ற லோரிக்காரர் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

திங்கட்கிழமை அட்டைகளை அடுக்கிவிட்டு, "வரிசையில கணக்கு மட்டும். கொசுறு சார் கையில," என்றேன். ஒன்பதுவரை ஒரு பிசகு இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் பிறகு ஒரு ஓடு என் உள்ளங்கைக்கு வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பாடப்புத்தகம் மொத்தமும் இருந்தது. குறைநீக்கல் பேச்சை நான் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இப்போது அவள் முதலாம் ஆண்டில். சென்ற வாரம் அவளுடைய ஆசிரியை என்னைப் பள்ளி சிற்றுண்டிச்சாலையில் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தப் புள்ளைக்கு அஞ்சு கணக்குக் குடுத்தா, ஆறாவதா ஒன்ன அதுவே உண்டாக்கிப் போட்டுக் காட்டுது. அதும் சரியா இருக்கு! நீங்க சொல்லிக் குடுத்ததா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அந்தப் புகழ் என் வீட்டுக்கு வந்திருக்கும். ஆனால் அந்த அம்மாவின் கையால் நான் தின்றது கொஞ்சமா?

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிம்பாங்குக்குப் போங்க டீச்சர். சொல்லிக் குடுத்தவங்க அங்க இருப்பாங்க," என்றேன். "கொஞ்சம் வெள்ளனயே போங்க. லேட்டா போனா தீர்ந்துடும்."